எரிந்த காமனும் கட்டுண்ட காமனும்

கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனையைக் காணச் செல்வோர் பெரும்பாலும் மேல்தளத்துப் பள்ளியறையோடு நிறைவு கொண்டு திரும்பிவிடுகின்றனர். அதில் வியப்பில்லை. அங்கே ஏறத்தாழ 300 சதுர அடிச் சுவர்ப் பரப்பில் இராம காதை தீட்டப்பட்டிருக்கிறது. தயரதன் செய்த வேள்வி தொடங்கி, காட்சிக்குக் காட்சி கண்ணை இழுத்துச் செல்லும் ஓவியங்கள் அவை. ஆனால் அதே அரண்மனையின் கீழ்த்தளத்தில், மகளிர் உறைந்த பகுதி என்று சொல்லப்படும் இடத்தில், அறைகள் இரண்டு உள்ளன. படியிறங்கித்தான் அங்கே செல்லவேண்டும். ஒன்றில் ஆய்ச்சியரோடு கூடியாடும் கண்ணன். மற்றதில் காளிதாசனுடைய குமாரசம்பவக் கதை. நேயர்களை இன்று இந்த இரண்டாம் அறைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். அங்கிருந்து நெடுந்தொலைவு சென்று, மீண்டும் நம் ஊருக்கே திரும்புவோம்.

இந்த அரண்மனையே ஒரு விந்தையான கலப்பு. 1555ஆம் ஆண்டையொட்டிப் போர்ச்சுக்கீசியர் இதனைக் கட்டிக் கொச்சி மன்னர் வீரகேரளவர்மருக்கு அளித்தனர். 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் இதனைப் புதுப்பித்தனர். அதனால் 'டச்சு அரண்மனை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கட்டியவர்களும் புதுப்பித்தவர்களும் கடல் கடந்து வந்த கிறித்தவர்கள். கட்டட அமைப்போ மலைநாட்டு நாலுகெட்டு. நடுமுற்றத்தில் பழயன்னூர் பகவதிக்குக் கோயில். சுவர்களில் வடமொழிக் காவியம். அதைத் தீட்டிய கையோ முற்றும் கேரளக் கை. சுண்ணாம்பும் மணலும் குழைத்த பூச்சின்மேல், இளநீர் கலந்த சுண்ணாம்பை மீண்டும் மீண்டும் தடவி வெண்மையாக்கி, காவியும் மஞ்சளும் பச்சையும் விளக்குக் கரியும் கொண்டு எழுதும் மரபு அது. இந்த ஓவியர்களுக்கு வெற்றிடம் என்றாலே பிடிக்காது போலும். முடிக்கும் தோளுக்கும் இடையிலே ஒரு விரற்கடை இடம் கிடைத்தாலும் அங்கே ஒரு பூ, ஒரு மணி, ஓர் அணிகலன் வந்துவிடும். இதனை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னர் இதற்கு வேலை உண்டு.

காளிதாசன் சொன்ன கதை நம்மவர்க்குத் தெரிந்ததே. தாரகனால் துன்புற்ற தேவர்களுக்குச் சிவபெருமானின் மைந்தன் ஒருவனே துணையாக முடியும். பெருமானோ தவத்தில் இருக்கிறார். மலையரசன் மகள் பார்வதி அவருக்குப் பணிவிடை செய்துகொண்டிருக்கிறாள். இந்திரன் காமனை அழைக்கிறான். காமன் தயங்கவில்லை, பிநாகம் ஏந்திய பெருமானின் உறுதியையும் தளர்த்திவிட முடியும் என்று தானே வீரம் பேசுகிறான். வசந்தனைத் துணைக்கொண்டு சென்று வில்லை வளைக்கிறான். நெற்றிக்கண் திறக்கிறது. சினத்தை அடக்குக என்று வானவர் வேண்டும் குரல் வந்து சேர்வதற்குள் காமன் சாம்பலாகிவிட்டான். அடுத்த சருக்கம் முழுவதையும் கவிஞன் இரதியின் புலம்பலுக்கே கொடுத்துவிடுகிறான். அதற்கடுத்து, தன் அழகு பயனற்றுப்போயிற்று என்று வெறுத்த பார்வதி கடுந்தவம் புரிந்து, அழகால் அடையாத கணவனைத் தவத்தால் அடைகிறாள். ஏழாம் சருக்கத்தில் திருமணம். அப்போது தேவர்கள் காமனுக்காக வேண்டுகின்றனர். பெருமானும் அவன் பணியை ஏற்றுக்கொள்கிறார். எட்டாம் சருக்கத்தில் இறைவனும் இறைவியும் கூடிய இன்பம்.

இந்த எட்டாம் சருக்கம் பழைய அறிஞர்களைச் சங்கடப்படுத்தியது. ஒன்பதாம் நூற்றாண்டில் காசுமீரத்தில் வாழ்ந்த ஆனந்தவர்த்தனர், உலகின் தாய்தந்தையரது புணர்ச்சியைப் பாடுவது முறையன்று என்றே கருதினார். ஆயினும் கவியின் பேராற்றல் அக்குற்றத்தை மறைத்துவிடுகிறது என்று ஒரு வழியும் விட்டார். கவிதையில் சொல்லுக்குப் பின்னே மறைத்துக்கொள்ளலாம். சுவரிலே எங்கே மறைப்பது? மட்டாஞ்சேரி ஓவியர்கள் அந்தக் கதையைத் துணிந்து எடுத்தனர். அதுவும் மகளிர் வாழும் பகுதிக்கென்று எடுத்தனர். இது வெறும் சிற்றின்பக் கேளிக்கை என்று சொல்லிப் புன்னகையோடு படியேறிவிடும் பார்வையாளர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். மார்கழியில் நாம் ஆருத்திரா தரிசனம் கொண்டாடும் அதே நாளில், தனு மாதத்துத் திருவாதிரையில், மலையாள நாட்டு மகளிர் அரிசிச் சோறு நீக்கி நோன்பிருந்து, ஊசலாடி, கைகொட்டி ஆடுகின்றனர். அந்நோன்புக்கு அவர்கள் சொல்லும் காரணங்களில் பார்வதியின் தவமும் உண்டு. காமன் எரிந்ததும் இரதி அழுததும் உண்டு. கீழறையின் சுவரும் அந்த நோன்பும் ஒரே கதையின் இரு வடிவங்கள் என்று கொள்வதே நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. இது நம் ஊகமே. ஆனால், மன்னன் பள்ளியறையில் போர்க்கதையும் மகளிர் அறையில் காமன் பட்ட பாடும் இடம்பெற்றது தற்செயல் என்று நம்புவது அதனினும் கடினமான ஊகம்.

இவ்விடத்தில் ஒரு வினா எழுகிறது. காமன் செய்தது குற்றமா? குற்றமென்றால், அவனை ஏவியவன் யார்? அவனால் துன்புற்ற பெண்டிர் அவனைப் பற்றி என்ன நினைத்தனர்? காளிதாசன் இரதியை அழவைத்தான், வழக்காட வைக்கவில்லை. அந்த வழக்கை நடத்திப் பார்த்தவர் வேறொரு நாட்டிலே, வேறொரு மொழியிலே இருந்தார். அவருக்கும் ஒரு சுவரோவியமே தூண்டுகோலாயிற்று.

மட்டாஞ்சேரிக்கு வடக்கே, பெரியாற்றங்கரையில் முசிறி என்ற துறைமுகம் இருந்ததும், யவனர் பொன்னொடு வந்து மிளகொடு சென்றதும் நம் சங்க நூல்களால் நாம் அறிந்தவை. உரோமர் தீட்டிய பழைய வழிப்படம் ஒன்றின் படி இன்றும் உள்ளது. அதன் மூலம் நான்காம் அல்லது ஐந்தாம் நூற்றாண்டினது என்பர். அதிலே முசிறியின் பெயரும், அதன் பக்கத்தில் அகஸ்டசு பேரரசனுக்கு ஒரு கோயிலும் குறிக்கப்பட்டிருக்கின்றன. 2007 முதல் பட்டணம் என்னும் ஊரில் நடந்த அகழாய்வுகளில் உரோம நாட்டுச் சாடிகளின் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. இலத்தீன் மொழியும் கொச்சிக்குப் புதிதன்று. இட்டி அச்சுதன் முதலான மலையாள மருத்துவர்களின் அறிவைக் கொண்டு டச்சு ஆளுநர் வான் ரீடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்சுடர்டாமில் பன்னிரண்டு பாகங்களாக வெளியிட்ட மலபார்ச் செடிகொடி நூல் இலத்தீனில் எழுதப்பட்டதே. ஆகவே முசிறியின் பெயர் அந்த வழிப்படத்தில் பதிந்திருந்த காலத்து உரோமக் கவிஞர்களிடம் நாம் செல்வது அயலார் வீட்டுக்குச் செல்வதாகாது.

அக்கவிஞருள் ஒருவர் அவுசோனியசு. இன்றைய பிரான்சு நாட்டின் போர்தோ நகரில் 310ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர், இலக்கண ஆசிரியர், பின்னர் அரச குமாரன் கிராசியனுக்கு ஆசானாகி, மாணவன் பேரரசனானபின் 379இல் கான்சல் என்னும் உயர் பதவியும் பெற்றவர். அப்போது பேரரசின் தலைநகர்களுள் ஒன்றாக விளங்கிய டிரியர் நகரில், ஒரு வீட்டின் உணவுக்கூடச் சுவரில் தாம் கண்ட ஓவியத்தைப் பற்றி நண்பர் ஒருவருக்கு அவர் எழுதிய முகவுரை நமக்குக் கிடைத்திருக்கிறது. காதலால் அழிந்த பழங்கதை மகளிர் எல்லாரும் கூடிக் காமதேவனாகிய கியூப்பிடைச் சிலுவையில் ஏற்றுகின்றனர். அதுவே அந்த ஓவியம். முதலில் ஓவியத்தை வியந்ததாகவும், பிறகு அந்த வியப்பை விட்டுக் கவி பாடும் பேதைமைக்கு இறங்கியதாகவும் அவர் தம்மையே கேலி செய்துகொள்கிறார். நூற்று மூன்று அடிகளே கொண்ட சிறு பாட்டு அது.

அவருக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே வெர்சில் என்னும் மகாகவி, தம் ஈனியட் காவியத்தின் ஆறாம் காண்டத்தில், பாதாள உலகில் துயர வெளிகள் என்று ஓர் இடத்தைப் படைத்திருந்தார். காதலால் மாண்ட மகளிர் அங்கே மிர்ட்டில் மரச் சோலையில் மறைந்து திரிவர். சாவும் அவர்கள் கவலையைத் தீர்க்கவில்லை. கார்த்தேசு நகர அரசி டைடோவும் அவர்களுள் ஒருத்தி. அவளைக் கைவிட்டுச் சென்ற ஈனியசு கண்ணீரோடு பேச முயல, அவள் ஒரு சொல்லும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறாள். உலக இலக்கியத்தில் அந்த மௌனத்துக்கு இணையான மௌனங்கள் சிலவே.

அவுசோனியசு செய்தது என்ன? அதே சோலை, அதே மகளிர், பல இடங்களில் அதே சொற்கள். ஆனால் அந்த இருளுக்குள் கியூப்பிட் தவறிப் பறந்து வந்துவிடுகிறான். அவன் ஒளி மங்கியிருந்தும் அவர்கள் அவனை அடையாளம் கண்டுகொள்கின்றனர். இனி மௌனம் இல்லை. அவனைப் பிடித்து ஒரு மிர்ட்டில் மரத்தில் கட்டுகின்றனர். ஒவ்வொருத்தியும் தன் உயிரைக் குடித்த கருவியையே அவனுக்கு எதிரான சான்றாகக் கொண்டுவருகிறாள். ஒருத்தி கையில் சுருக்குக் கயிறு. மூவர் கையில் வாள்கள்: திசுபியினது காதலனின் வாள், கானசியினது தந்தையின் வாள், டைடோவினது விருந்தினன் விட்டுச்சென்ற வாள். வெர்சிலின் சோலையில் பேசாது போன அரசி இங்கே வாளோடு நிற்கிறாள். கவிஞர் அதற்கு மேல் அவளைப் பற்றி ஒன்றும் விரிக்கவில்லை. படித்தவர்க்கு அது போதும்.

பிறகு வீனசு வருகிறாள். மகனை விடுவிப்பாள் என்று பார்த்தால், அவளும் வழக்காளியாகிறாள். இவனால் தனக்கு நேர்ந்த இழிவுகளையெல்லாம் சொல்லி, ரோசாமலர் மாலையால் அவனை அடிக்கிறாள். குருதி தெறித்துச் சிவந்த மலர் மேலும் சிவக்கிறது. காமனுக்கு மலரே அம்பு என்ற நாட்டிலிருந்து போகும் நமக்கு, அவனை மலராலேயே அடிக்கும் இந்த இடம் தனிச் சுவை தருகிறது. அந்த அடியைக் கண்டதும் மகளிரின் சினம் தணிகிறது. தங்கள் சாவுக்குக் காரணம் விதியே, இவனல்லன் என்று அவர்களே அவனுக்காகப் பரிந்து பேசுகின்றனர். இறுதியில் எல்லாம் கனவு என்று தெரிகிறது. பொய்க்கனவுகள் வெளியேறும் தந்த வாயில் வழியே கியூப்பிட் பறந்துபோகிறான்.

இதனை வெறும் விளையாட்டு என்று பல காலம் ஒதுக்கினர். ஒருவகையில் விளையாட்டுத்தான். ஆயினும் அந்தக் காலத்தை நாம் மறத்தலாகாது. பேரரசர்கள் கிறித்தவராகிவிட்டனர், அவுசோனியசும் கிறித்தவரே. பழைய தெய்வங்களுக்கு வழிபாடு குறைந்துவந்தது. அவர்களின் கதைகளோ பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு சிறுவனும் மனப்பாடம் செய்யும் பாடம். நம்பிக்கை போய்க் கதை மட்டும் எஞ்சியபோது கவிஞனுக்கு ஓர் உரிமை கிடைத்தது. தெய்வத்தைக் கூண்டில் ஏற்றி, நீ செய்தது சரியா என்று கேட்கும் உரிமை அது.

அந்த உரிமையைப் பிறரும் பயன்படுத்தினர். எகிப்திலிருந்து வந்த கிளாடியன், 398இல் சிறுவனான ஒனோரியசு பேரரசனுக்கும் தளபதி சுடிலிக்கோவின் மகள் மரியாவுக்கும் நடந்த திருமணத்தைப் பாடினார். அங்கே காமன் அரண்மனைச் சேவகனாகிவிடுகிறான். வீனசு கடல் கடந்து மணமகளுக்கு அணிகலன் கொண்டுவருகிறாள். பாட்டு அழகியது, பயன் அரசியல். அடுத்த நூற்றாண்டின் இறுதியில், வாண்டல் அரசர் ஆட்சியில் இருந்த கார்த்தேசு நகரில் திரக்கோன்டியசு என்னும் வழக்கறிஞர் இன்னும் துணிந்தார். இலாசு என்னும் அழகிய சிறுவனை நீர்த்தேவியர் கவர்ந்த பழங்கதைக்கு அவர் புதிய காரணம் ஒன்று சேர்த்தார். வீனசின் கள்ளக் காதலைத் தேவியருள் ஒருத்தி கதையாகச் சொல்லிவிட்டாள்; அந்த அவமானத்துக்குப் பழிவாங்கவே வீனசு தன் மகனை ஏவுகிறாள். ஆகக் காதல் என்பது ஒரு பெரியவளின் சினத்துக்கு எளியவர்கள் கட்டும் அபராதம். இதை எழுதியவர், வேறொரு தலைவனைப் புகழ்ந்து பாடிய குற்றத்துக்காகக் குந்தமுந்து அரசனால் சிறையில் வைக்கப்பட்டவர் என்பதை அறியும்போது, அந்த மாற்றம் வெறும் அலங்காரமாகத் தோன்றவில்லை. ஆயினும் அவர் அப்பாட்டைச் சிறைக்கு முன் எழுதினாரா பின் எழுதினாரா என்று கேட்டு அதிகம் இழுத்துப் பொருள் கொள்வதற்கு நாம் உடன்படமாட்டோம்.

சென்ற நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஐரோப்பியப் புலவர் பலர் இக்கவிஞர்களைத் 'தளர்ந்த காலத்தவர்' என்றே எழுதிவந்தனர். கதை புதிதில்லை, சொல் கடன், அணி மிகுதி, இவையே குற்றச்சாட்டு. 1989இல் மைக்கேல் ராபர்ட்சு என்னும் அறிஞர் ஒரு நூலில் வேறு வகையாக அணுகினார். இக்கவிதைகள் மணிகள் பதித்த அணிகலன் போன்றவை. அக்காலத்துச் சித்திரக் கற்களையும் ஓவியங்களையும் பார்ப்பதுபோல் ஒவ்வொரு சிறு துண்டின் ஒளியையும் தனித்தனியே பார்க்கவேண்டும் என்று அவர் காட்டினார். இதனைப் படித்தபோது நமக்கு நினைவுக்கு வந்தது, ஒரு விரற்கடை இடத்தையும் பூவின்றி விடாத மட்டாஞ்சேரிச் சுவர். அச்சுவரைத் தீட்டியவர்களும் காளிதாசனுக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் பிற்பட்டவர்கள். அவர்கள் மேலும் இதே பழி சொல்லப்படுகிறது. நம் பிற்காலப் புலவர்களையும் புராணம் பாடியோர், சொன்னதையே சொன்னோர் என்று நாமே இகழ்ந்து பழகிவிட்டோம்.

அந்த இகழ்ச்சி எவ்வளவு அவசரமானது என்பதற்குக் கச்சியப்ப சிவாசாரியார் ஒருவரே போதும். அவர் கந்தபுராணத்தில் பாடிய காமதகனம் மேலோட்டமாகப் பார்த்தால் பழைய கதையே. ஆனால் அவர் படைத்த காமன் வீரம் பேசவில்லை. சிவபெருமான்மேல் அம்பு எய்ய முடியாது என்று நடுங்கி மறுக்கிறான். பிரமன் சபித்துவிடுவேன் என்று அச்சுறுத்துகிறான். இந்தச் சாபத்தைவிட அந்தப் பெருமான் சினத்தால் அழிவது மேல் என்று எண்ணி, சாவைத் தெரிந்தே அவன் புறப்படுகிறான். காளிதாசனின் செருக்குடைய வீரன் இங்கே கட்டளைக்கு அஞ்சிய பணியாளன். குற்றம் காமன் தலையிலிருந்து இறங்கி, ஏவியவர் தலையில் ஏறிவிடுகிறது. சிவபத்தியில் தோய்ந்த ஒரு புலவர், எரித்த இறைவனிடத்திலும் குறை காணாமல் எரிந்தவனிடத்திலும் இரக்கம் குறையாமல் இதனைச் செய்து முடித்தார். பழங்கதையை எடுப்பவர்க்குக் கதையின் முடிவை மாற்ற உரிமையில்லை. யார்மேல் பழி விழவேண்டும் என்பதை மாற்றலாம். கார்த்தேசு வழக்கறிஞரும் காஞ்சிச் சிவாசாரியாரும் அந்த ஓர் இடத்திலேதான் கைவைத்தனர்.

நூல் எழுதாதவர்களும் இவ்வழக்கில் கலந்துகொண்டனர். அட்ட வீரட்டங்களுள் ஒன்றாகிய திருக்குறுக்கை, காமனை எரித்த தலம். மயிலாடுதுறைக்கு அருகில் இருக்கிறது. அந்தத் தஞ்சைத் தரணியின் சிற்றூர்களில் மாசி மாதத்தில் காமன் பண்டிகை நடைபெறும். காமனை நட்டு வழிபட்டு, பௌர்ணமியை ஒட்டி எரிப்பர். அப்போது இலாவணி பாடுவோர் இரு கட்சியாக அமர்வர்: காமன் எரிந்தான் என்று சாதிப்பது எரிந்த கட்சி, எரியவில்லை என்று சாதிப்பது எரியாத கட்சி. ஒருவர் பாட்டில் தொடுத்த வினாவுக்கு மற்றவர் பாட்டிலேயே விடை இறுக்கவேண்டும். விடியும்வரை புராண மேற்கோள்கள் பறக்கும். மராட்டியர் காலத்தில் வந்து சேர்ந்த பாட்டு வடிவம் அது, பொருள் நம்முடையது. டிரியர் நகரத்து உணவுக்கூடத்தில் மகளிர் கூடி நடத்திய வழக்கும், தஞ்சைக் கிராமத்துத் தெருவில் இரு கட்சியார் நடத்திய வழக்கும் ஒன்றையொன்று அறியாதவை. எதிரியாக நிறுத்தப்பட்டவன் மட்டும் ஒருவனே.

மீண்டும் மலையாள நாட்டுக்கு வருவோம். வடமலபாரில், கண்ணூர், காசர்கோடு பகுதிகளில், மீன மாதத்துப் பூர விழாவில் கன்னிப் பெண்கள் காமனை மலராலும் மண்ணாலும் உருவாக்கி வழிபடுகின்றனர். அங்கே அவனை எரிப்பதும் இல்லை, கட்டுவதும் இல்லை. நாள்தோறும் பூவிட்டு, கடைசி நாளில் அடை முதலியன படைத்து, வீட்டுக்கு வந்த விருந்தினனை அனுப்புவதுபோல் பாலுள்ள மரத்தடியில் கொண்டுபோய் விடுகின்றனர். அடுத்த ஆண்டும் காலம் தாழ்த்தாமல் வந்து சேரவேண்டும் என்று சொல்லித்தான் அனுப்புகின்றனர்.